முத்திரை மட்டும் நனையாது

கிணற்றடித் தொட்டியில் அரை மணித்தியாலம் கிடந்த பெட்டியைத் தூக்கினேன். கைக்கு வரும்போதே கனத்தது. இரண்டு பக்கக் கிளிப்பையும் நெம்பித் திறந்தால், உள்ளே மடித்து வைத்த பத்திரிகைத் தாள் நோன்புக் கஞ்சியாகிக் கிடந்தது. கரண்டி போட்டுக் கிண்டலாம். மீனவர் நலன் பற்றி யாரோ ஓர் அமைச்சர் பேசிய செய்தி அச்சாகியிருந்த பக்கம் அது. அவர் பேசியதில் ‘நடவடிக்கை’ என்ற ஒரு சொல் மட்டும் பெட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு உயிர் தப்பியிருந்தது.

பெட்டியின் வெளிப்பக்கத்தைத் துணியால் துடைத்தேன். மூடியில் ஒட்டியிருந்த மூன்று முத்திரைகளும் வாங்கிய அன்று போலவே பளபளத்தன. ஒன்று ‘ஐபி 68’. மற்றது ‘மிலிட்டரி கிரேட்’, பக்கத்தில் ஒரு கழுகின் தலை. மூன்றாவது ‘சிஇ’. மூன்றிலும் ஒரு மூலை கூடக் கிளம்பவில்லை. அந்த ஸ்டிக்கர் செய்த தொழிற்சாலைக்காரனே பெட்டியையும் செய்திருக்கக் கூடாதா என்று உம்மா கேட்டா.

பெட்டி எனக்கு வாங்கியதில்லை. என் மச்சான் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவன். கல்முனைக்குடிக் கரையிலிருந்து பின்னேரம் இறங்கினால் விடியத்தான் கரை காண்பான். அவனுக்கு டெலிபோன்தான் டோர்ச், மணிக்கூடு, திசைகாட்டி எல்லாமே. எஞ்சின் நின்றுபோனால் கரைக்கும் அவனுக்கும் நடுவில் உள்ள ஒரே கயிறும் அதுதான். அந்தக் கயிறு உப்புத் தண்ணீரில் அறுந்துபோகாமல் இருக்கத்தான் நாலாயிரத்து ஐந்நூறு ரூபா கொடுத்து இந்தக் கறுப்புப் பெட்டி. பஸாரில் வாங்கினேன். கடையின் பெயர் வேண்டாம். இன்றைக்கு அந்தக் கடை, நாளைக்குப் பக்கத்துக் கடை, பெட்டி ஒரே கொள்கலனில் வந்ததுதான்.

“காக்கா, இது ஆமிக்காரன் பாவிக்கிற சாமான். மேல லொறி ஏறினாலும் ஒடையா” என்றான் கடைத் தம்பி.

“தண்ணிக்க போட்டா?”

“இஞ்ச பாருங்க, ஐபி அறுபத்தெட்டு எண்டு போட்டிரிக்கி.”

“அறுபத்தெட்டு எண்டா என்ன தம்பி?”

கொஞ்சம் யோசித்தான். “அது மொடல் நம்பர் காக்கா.”

கஞ்சியான பத்திரிகையோடு மறுநாள் திரும்பிப் போனேன். அவன் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஸ்டிக்கரை நகத்தால் சுரண்டினான். கிளம்பவில்லை. முகம் மலர்ந்தது. “ஸ்டிக்கர் நனையல்லயே காக்கா, அப்ப ஒரிஜினல்தான்” என்றான். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு ஒரிஜினல் என்பதன் அர்த்தமே அதுதான். அவனிடம் கோபித்து என்ன? அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவன் இறக்குமதிக்காரன். இறக்குமதிக்காரனுக்குச் சொல்லிக்கொடுத்தது, எதையும் கேட்காத இந்த நாடு.

இந்த முத்திரைகள் உண்மையில் என்ன சொல்கின்றன என்று ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். படித்த பிறகு கோபம் தணியும் என்று நினைத்தேன். ஏறியது.

ஐபி என்பது சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60529ஆம் இலக்கத் தரம். இரண்டு இலக்கம். முதலாவது தூசிக்கு, ஆறுதான் உச்சம். இரண்டாவது தண்ணீருக்கு. ஏழு என்றால் ஒரு மீற்றர் ஆழத்தில் முப்பது நிமிடம். எட்டு என்றால்? அதைவிடக் கடுமையாக இருக்க வேண்டும். ஆனால் எத்தனை மீற்றர், எவ்வளவு நேரம் என்பதைச் செய்கிறவனே தீர்மானித்து எழுதிக்கொள்ளலாம். ஆகவே ‘ஐபி 68’ என்று மட்டும் எழுதி, ஆழத்தையும் நேரத்தையும் எழுதாமல் விட்டவன், கலியாணக் கடிதத்தில் மாப்பிள்ளையின் பெயரை எழுதாமல் ‘நல்ல இடம்’ என்று மட்டும் அடித்தவன்.

இன்னும் இருக்கிறது. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடக்கிறது. தண்ணீர் அசையாமல் நிற்கிறது. பெட்டி புத்தம் புதிது. ரப்பர் வாசரில் மணல் இல்லை, மீன் செதில் இல்லை, தலைமயிர் ஒன்று குறுக்கே கிடக்கவில்லை. வெயில் இல்லை. உப்பு அரிக்கிறதா என்று இந்தத் தரம் பார்ப்பதே இல்லை. அது அதன் வேலையே இல்லை. இதையெல்லாம் விட வேடிக்கை, ஏழு வாங்கிய பெட்டி ஐந்துக்கும் ஆறுக்கும் தேறியது என்று அர்த்தமில்லை. ஐந்தும் ஆறும் பீய்ச்சி அடிக்கிற தண்ணீருக்கான சோதனை. அமைதியாக மூழ்கிக் கிடக்கத் தெரிந்த பெட்டிக்கு, அணியத்தில் மோதித் தெறிக்கிற அலையைத் தாங்கத் தெரியாமல் போகலாம். எங்கள் கடல் கண்ணாடித் தொட்டி மாதிரி அசையாமல் நின்று என் மச்சானுக்குக் காத்திருப்பதில்லை.

வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கடைக்காரர் எவரும் சொல்லாத விஷயம். கச்சான் காற்றுக் காலத்தில், பகலெல்லாம் மணலில் கிடக்கிற போட்டில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தால் அது அடுப்பில் வைத்த சட்டி. உள்ளே இருக்கும் காற்றும் கொதிக்கிறது. அந்தச் சூட்டோடு அது கடலில் விழுந்தால் உள்காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். சுருங்கிய இடத்துக்கு வெளியிலிருந்து ஏதாவது வந்தாக வேண்டும். வாசரில் ஊசிமுனை வழி இருந்தாலும் போதும், பெட்டி தண்ணீரை உறிஞ்சிக் குடிக்கும். நல்ல பெட்டிகளில் இதற்காகவே மூக்குத்தி அளவில் ஒரு வால்வு வைத்திருப்பார்கள். காற்றை விடும், தண்ணீரை விடாது. என் பெட்டியிலும் வால்வு இருந்தது. திருகிப் பார்த்தேன். பிளாஸ்டிக்கில் வார்த்த வெறும் குமிழ். பின்னால் ஓட்டையே இல்லை. ஒரு பெட்டியைச் செய்யத் தெரிந்தவன், வால்வு எதற்கென்றும் தெரிந்தவன், அதைப் படமாக வரைந்து வைக்கிறான் என்றால் அதை அறியாமை என்று நான் சொல்ல மாட்டேன். அது களவு.

அடுத்தது மிலிட்டரி கிரேட். எங்கள் பக்கத்தில் ஆமி என்ற சொல்லுக்கு ஒரு காலம் இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்ற காலம். அந்தச் சொல்லைச் சொல்லியே இப்போது பெட்டி விற்கலாம் என்றாகிவிட்டது. சமாதானத்தின் பலன் என்று இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 1962இல் முதலில் வெளியிட்ட ஒரு புத்தகம், மில் எஸ்டிடி 810. இப்போது நடப்பில் உள்ளது 2019இல் வந்த ‘எச்’ பதிப்பு. அது சான்றிதழ் இல்லை. சோதிக்கும் முறைகளின் தொகுப்பு. வெப்பம், குளிர், தூசி, அதிர்வு, வீழ்ச்சி, உப்புப் புகை என்று வெவ்வேறு முறைகள். எந்தச் சாமான் எங்கே பாவிக்கப்படப் போகிறதோ அதற்கேற்ற முறையைத் தெரிந்தெடுத்துச் சோதியுங்கள் என்று அந்தப் புத்தகமே சொல்கிறது. ‘இது தேறியது’ என்று முத்திரை குத்திக் கொடுக்கும் கந்தோர் உலகத்தில் எங்கேயும் கிடையாது. 516ஆம் முறையில் ஒரு வீழ்ச்சிச் சோதனை உண்டு: நாலு அடி உயரத்திலிருந்து 26 தரம் போட வேண்டும். ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. அந்த 26 வீழ்ச்சியையும் ஐந்து பெட்டிகளுக்குப் பங்கு போட்டுக்கொள்ளவும் இடமுண்டு. ஒரு பெட்டிக்கு ஐந்தாறு அடி. எங்கள் கரையில் ஒரு போட்டைத் தள்ளி இறக்குவதற்குள் அந்தப் பெட்டி அதைவிட அதிகம் விழும்.

509ஆம் முறை உப்புப் புகை. ஐந்து வீதம் உப்பைக் கரைத்துப் புகையாக அடிப்பார்கள். ஒரு நாள் நனைய, ஒரு நாள் காய, மறுகா இன்னொரு சுற்று. கடல்காரனுக்கு வேண்டியது இந்த ஒன்றுதான். ‘மிலிட்டரி கிரேட்’ என்று எழுதியவனிடம் கேட்க வேண்டிய கேள்வியும் ஒன்றுதான்: எந்த முறை? அவன் வெப்பச் சோதனை மட்டும் செய்திருக்கலாம். ஒன்றுமே செய்யாமலும் இருந்திருக்கலாம். கழுகின் தலை இரண்டுக்கும் ஒரே அளவுதான்.

சிஇ பற்றி எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. அது ‘சைனா எக்ஸ்போர்ட்’ என்பதன் சுருக்கமாம். எழுத்துக்களுக்கு இடையே இடைவெளி குறைந்தால் சீனா, கூடினால் ஐரோப்பாவாம். தேநீர்க் கடையில் ஸ்கேல் வைத்து அளக்கிறார்கள். அப்படி ஒரு சீன முத்திரையே கிடையாது. உண்மை அதைவிட மோசம்: பெரும்பாலான சாமான்களுக்கு ஐரோப்பாவின் சொந்த சிஇயையே செய்கிறவன் தன் வாக்குமூலத்தின் பேரில் தானே குத்திக்கொள்ளலாம். ஆபத்து அதிகமான சாமானுக்குத்தான் வெளியார் பரிசோதனை. அங்கே சிஇக்குப் பக்கத்தில் நாலு இலக்கம் இருக்கும், பரிசோதித்த நிறுவனத்தின் இலக்கம். இந்த நாலு இலக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். என் வாப்பா பிறந்து வளர்ந்து மௌத்தான வீட்டில்தான் நானும் இருக்கிறேன் என்பதை நிரூபிக்க கிராம சேவகர் ஒப்பம் வேண்டும், அதன்மேல் பிரதேச செயலாளரின் மேலொப்பம் வேண்டும், பிரதிகளில் சமாதான நீதவானின் இறப்பர் முத்திரை வேண்டும். கிராம சேவகர் கூட்டத்துக்குப் போயிருந்தால் மறுநாள் வர வேண்டும். ஆனால் பெட்டி? அது கடலில் மூழ்காது, குண்டுக்கு உடையாது, ஐரோப்பா அங்கீகரித்தது என்று மூன்று பொய்யை நெற்றியில் ஒட்டிக்கொண்டு துறைமுகத்தில் இறங்கி, சுங்கம் தாண்டி, லொறியேறி, கல்முனை வரை வந்து சேர்கிறது. வழியில் ஒருவனும் அதனிடம் ஒரு துண்டுக் கடதாசி கேட்பதில்லை. மனிசனாகப் பிறந்ததுதான் நம் பிழை. பிளாஸ்டிக்காகப் பிறந்திருந்தால் மரியாதையாக வாழ்ந்திருக்கலாம்.

முத்திரைக்குக் கோபப்படத் தெரியாத நாடா இது என்றால் அதுவும் இல்லை. 2013ஆம் ஆண்டை மறந்துவிட்டீர்களா? பிஸ்கட் பக்கற்றில் கிடந்த ஒரு சின்ன ஹலால் முத்திரைக்காகச் சிங்கள பௌத்தக் கடும்போக்கு அமைப்பான பொதுபல சேனா ஊர் ஊராகக் கூட்டம் போட்டது. நாடு பிளந்துவிடும் என்றார்கள். கடைசியில் அந்த மார்ச் மாதம், உள்நாட்டுப் பொருட்களில் அந்த முத்திரை வேண்டாம் என்று, அதைக் கொடுத்துவந்த ஜம்இய்யத்துல் உலமாவே அறிவிக்க வேண்டி வந்தது. அந்த முத்திரை யாரையும் மூழ்கடித்ததில்லை. ஒரு பிஸ்கட்டும் அதனால் நமுத்ததில்லை. தலைக்கவசத்தில் கிடக்கிற கள்ள முத்திரைக்காக, கடலில் வாய் பிளக்கிற பெட்டிக்காக ஒரு ஊர்வலம் போக வேண்டாமா? போகாது. அந்த முத்திரை எந்த மதத்துக்கும் சொந்தமில்லையே.

தலைக்கவசம் என்றதும் ஞாபகம். அதுவும் பெட்டிதான், தலைக்குப் போடுகிற பெட்டி. அதற்கு இலங்கையில் எஸ்எல்எஸ் 517 என்று தரம் உண்டு. முத்திரையோடு உற்பத்தியாளனின் உரிம இலக்கமும் இருக்க வேண்டும். முத்திரை மட்டும் கிடந்தால் அது படம். கொழும்பு எல்விட்டிகல மாவத்தையில் உள்ள இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தில் அந்த இலக்கத்தைச் சொல்லி விசாரிக்கலாம். எங்கள் ஊரில் ஹெல்மெட் விற்கிறவரிடம் உரிம இலக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். உங்களை வரித் திணைக்களத்துக்காரன் என்று நினைத்து அவர் ஷட்டரைப் பாதி இறக்குவார். வாங்குகிறவருக்கும் அது தேவையில்லை. எங்கள் வீதிகளில் ஹெல்மெட் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளின் கண்ணாடியில் தொங்கும். பொலிஸைத் தூரத்தில் கண்டால்தான் தலைக்கு ஏறும். மூளைக்கு வராத பயம் தண்டப் பணத்துக்கு வருகிறது. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டுத் தலையாட்டிவிட்டு, வெளியே வந்து கயிறே இல்லாமல் வண்டியை முறுக்குகிற கூட்டம் நாம்.

ஏழை நாடு, ஏமாறுகிறோம் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள நினைத்தால் அதற்கும் வழியில்லை. பணக்கார நாடுகளிலும் இதே பொய்தான், பெரிய கம்பனிகளின் வாயால். செம்சுங் கம்பனி 2016 முதல் 2018 வரை தன் கலக்ஸி போன்களை நீச்சல் தடாகத்திலும் கடலிலும் வைத்து விளம்பரம் செய்தது. நனைந்த போனைக் காயுமுன் சார்ஜ் போட்டால் துவாரம் அரித்துப் பழுதாகும் என்பதை அந்த விளம்பரம் சொல்லவில்லை. அவுஸ்திரேலியாவின் நுகர்வோர் ஆணையம் வழக்குக்குப் போனது. 2022இல் நீதிமன்றம் விதித்த தண்டம் 1 கோடியே 40 இலட்சம் அவுஸ்திரேலிய டொலர். இத்தாலி 2020இல் அப்பிள் கம்பனிக்கு ஒரு கோடி யூரோ தண்டம் போட்டது. நாலு மீற்றர் வரை தாங்கும் என்ற விளம்பரம் ஆய்வுகூடத்தின் அசையாத சுத்தத் தண்ணீருக்குத்தான் பொருந்தும். தண்ணீர் பட்டுப் பழுதான போனுக்கோ உத்தரவாதம் கிடையாது என்று கம்பனி கைவிரித்தது. ஒரு வாயால் குளிக்கலாம் என்றது, மறு வாயால் குளித்தது உன் பிழை என்றது. பொய் அங்கேயும் இருக்கிறது. அதற்கு விலை போட ஒருவன் அங்கே இருக்கிறான் என்பதே வித்தியாசம்.

எங்கள் நாட்டிலும் சட்டம் இல்லாமலில்லை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் விவகார அதிகார சபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைப் பிழையாக வழிநடத்துவது அதன்படி குற்றம். 1977 என்று தொலைபேசி இலக்கமும் இருக்கிறது. அரிசிக்கும் முட்டைக்கும் கட்டுப்பாட்டு விலை அறிவித்தால் அதிகாரிகள் கடை கடையாக இறங்குவதை நாம் பார்க்கிறோம். முட்டையைக் காப்பாற்றத் தெரிந்தவர்கள், மீன்காரனையும் ஓடு உள்ள உயிராக நினைத்துக் கொஞ்சம் பார்க்கலாம்.

ஐரோப்பா கேட்டால் எல்லாம் நடக்கும் என்பதையும் கண்டோம். 2014 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்குத் தடை அறிவித்தது. 2015 ஜனவரியில் தடை அமுலானது. களவாகப் பிடிக்கிறீர்கள், படகு எங்கே போகிறது என்று உங்களுக்கே தெரியவில்லை என்றது. உடனே ஆழ்கடலுக்குப் போகும் பலநாள் படகுகளில் செய்மதிக் கருவி ஏறியது. பதிவுப் புத்தகம் வந்தது. சட்டம் திருந்தியது. 2016இல் தடை நீங்கியது. மீன் எங்கே பிடிபட்டது என்று பாரிஸில் சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்தாக வேண்டும். மீனைப் பிடித்தவன் எங்கே போனான் என்று கல்முனைக்குடியில் அவன் பெண்சாதிக்குத் தெரிய வேண்டிய அவசியமில்லை. சின்ன ஃபைபர் போட்காரனுக்கு அந்தக் கருவியும் இல்லை. அவனுக்கு உள்ளது என் நாலாயிரத்து ஐந்நூறு ரூபாக் கறுப்புப் பெட்டி.

சுனாமிக்குப் பிறகும் இதுதானே நடந்தது. 2004 டிசம்பர் 26. இலங்கையில் அதிக உயிர் போனது எங்கள் அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை என்று கரையோரம் முழுக்க ஜனாஸா. அதன்பின் படகு கொடுக்க உலகமே வந்தது. நல்ல மனதோடு வந்தார்கள், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அவசரத்தில் ஊற்றிய ஃபைபர் படகுகளில் தரமில்லாதவை கணிசம் என்று ஐ.நா. உணவு விவசாய நிறுவனமே எச்சரிக்க வேண்டி வந்தது. படகும் ஒரு பெட்டிதான். உள்ளே இருப்பது போன் இல்லை, ஆள். அந்தப் படகுகளின் பக்கத்தில் கொடுத்தவர்களின் சின்னங்கள் எவ்வளவு துலக்கமாக இருந்தன! பிசினை இரண்டு பூச்சோடு நிறுத்தியவர்கள், சின்னத்துக்கு மூன்று நிறம் பூசினார்கள்.

பெட்டி கசிந்தால் என்ன நடக்கும் என்று இந்த நாடு ஒருமுறை முழுதாகக் கண்டது. 2021 மே மாதம். எக்ஸ்பிரஸ் பேர்ள் என்ற கப்பல். சிங்கப்பூர்க் கொடி. அந்த ஆண்டுதான் சேவையில் இறங்கியது. மணப்பெண்ணின் மெஹந்தி கூடக் காயாத வயது. 1,486 கொள்கலன்கள். அவற்றில் 81இல் ஆபத்தான சரக்கு. அந்தச் சரக்கில் 25 தொன் நைட்ரிக் அமிலமும் இருந்தது. இப்படிப்பட்ட சரக்கைப் பெட்டியிலோ பீப்பாயிலோ அடைப்பதற்கு ஐக்கிய நாடுகளின் முத்திரை உண்டு. வட்டத்துக்குள் மேலே ஒரு ‘யு’, கீழே ஒரு ‘என்’. பக்கத்தில் எக்ஸ், வை, செட் என்று ஓர் எழுத்து. எக்ஸ் என்றால் 1.8 மீற்றரிலிருந்து விழுந்தும் கசியாதது, வை என்றால் 1.2, செட் என்றால் 0.8. உலகத்தில் இதைவிட ஒழுங்காக எழுதப்பட்ட பெட்டிச் சட்டம் இல்லை.

அந்த அமிலம் கசிவதை மாலுமிகள் மே 11ஆம் திகதியே கண்டுகொண்டார்கள். கட்டாரின் ஹமாத் துறைமுகத்திலும் இந்தியாவின் ஹசீராவிலும் கொள்கலனை இறக்க வழி கிடைக்கவில்லை. கசிந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு கப்பல் 19ஆம் திகதி கொழும்புக்கு வெளியே வந்து நின்றது. 20ஆம் திகதி தீ. 25ஆம் திகதி வெடிப்பு. ஜூனில் மூழ்கியது. 1,680 தொன் அளவுக்குப் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கொட்டின. நீர்கொழும்புக் கரையில் மணலை அள்ளினால் பாதி சவ்வரிசி மாதிரிப் பிளாஸ்டிக். ஆமைகள் நானூறுக்கும் மேல் செத்து ஒதுங்கின. அந்தக் கிழமைகளில் மீன் சாப்பிட நாடே பயந்தது. தீ எரிந்தது மேற்கில், மீன் விலை விழுந்தது கிழக்கிலும்.

2025 ஜூலை 24ஆம் திகதி உயர் நீதிமன்றம் கப்பல் கம்பனியை நூறு கோடி அமெரிக்க டொலர் நட்டஈடு கட்டச் சொன்னது. கட்ட மாட்டோம் என்று கம்பனித் தலைமை வெளிப்படையாகவே சொன்னது. எத்தனை துறைமுகம், எத்தனை கடதாசி, எத்தனை கையொப்பம்! எல்லாக் கையும் கடதாசியைத் தொட்டது. கசிந்த பெட்டியைத் தொட ஒரு கை வரவில்லை.

இனி அந்த நாலு இலக்கத்துக்கு வருவோம். சில காலத்துக்கு முன் எங்கள் கரையோரத்தில் ஒரு வைபவம். எவர் நடத்தினார், எந்தக் கட்சி, அதெல்லாம் வேண்டாம். எல்லாருக்கும் ஒரே பந்தல்காரர்தான். மணலில் மேடை, பிளாஸ்டிக் கதிரை, பொன்னாடை. மீனவருக்கு உயிர்காப்பு அங்கி வழங்கல். என் மச்சானுக்கும் ஒன்று கிடைத்தது. செம்மஞ்சள் அங்கி. நெஞ்சில் பிரதம அதிதியின் நிழற்படம், கைப்பிடி அளவுக்கு. முதுகில் இன்னொன்று. கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் துணித் துண்டில் ஈசல் அளவில் எழுத்து. கண்ணாடியைப் போட்டு வாசித்தேன். ‘50 நியூட்டன்’ என்றிருந்தது. சிஇ இருந்தது, பக்கத்தில் நாலு இலக்கம் இல்லை. நீரில் மூழ்காமல் காக்கும் சாமானுக்கு ஐரோப்பியச் சட்டப்படி அந்த நாலு இலக்கம் இருந்தே ஆக வேண்டும்.

ஐம்பது நியூட்டன் என்றால் என்ன என்று ஐஎஸ்ஓ 12402 சொல்கிறது. நீந்தத் தெரிந்தவனுக்கு, கரைக்குப் பக்கத்தில், உதவி கிட்ட இருக்கும்போது போடுவது. தண்ணீரில் மயங்கிக் கிடப்பவனை அது மல்லாக்கத் திருப்பாது. முகம் கீழேயே கிடக்கும். அதை அந்தத் தரமே உயிர்காப்பு அங்கி என்று அழைப்பதில்லை, மிதக்கத் துணை செய்வது என்றுதான் சொல்கிறது. ஆழக் கடலுக்கு 150 வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கொடுத்தது ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் பிள்ளைகளுக்கு மாட்டுகிற பலத்தை. அதைப் போட்டுக்கொண்டு நடு இரவில், எஞ்சின் நின்ற போட்டிலிருந்து வாடைக் கடலில் விழுந்தவனின் முகம் தண்ணீருக்குள் இருக்கும். முதுகிலுள்ள பிரதம அதிதியின் முகம் மட்டும் வானத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கும்.

நான் அன்று மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஒருவரிடம் இதைச் சொன்னேன். “இலவசமாத் தாறதுக்கு நம்பர் கேக்கிறீங்களே” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பள்ளிவாசல் வேலைக்கு முதலில் வந்து நிற்பவர். அதுதான் எனக்கு ஆத்திரம். பல்லுப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்க மாட்டார். சாறனைக் கூட வெளிச்சத்தில் பிடித்து நூல் பார்ப்பார். உயிரைக் கட்டுகிற சாமானுக்கு மட்டும் கேள்வி கேட்பது நன்றிகெட்ட வேலை.

அடுத்த மாதம் இன்னொரு வைபவம் இருக்கிறதாம்; இம்முறை அங்கியோடு தண்ணீர் புகாத பெட்டியும் தருகிறார்களாம். ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். மேடையை மணலில் போடாதீர்கள், வீண் செலவு. பொன்னாடையும் வேண்டாம். பிரதம அதிதி வந்திறங்கியதும் கொடுக்கப் போகிற அங்கியில் ஒன்றை அவருக்கே மாட்டி விடுங்கள். அவருடைய விலை கூடிய போனைப் பெட்டிக்குள் வைத்துக் கிளிப்பைப் போடுங்கள். என் மச்சானின் போட் கரையில் நிற்கும், எண்ணெய்ச் செலவு எங்களுடையது. நாலு மைல் போனதும் மச்சான் எஞ்சினை நிறுத்துவான். பெட்டியை முதலில் இறக்குங்கள், பின்னால் அவர். அரை மணித்தியாலம்தான். நாங்களெல்லாம் கரையில் நிற்போம் சேர், கை தட்டுவதற்கு.